மயக்க டாக்டர் பதில்கள்: எச்சில பார்த்து வலிய கண்டுபிடிக்க முடியுமா?

ஆபரேஷன் நேரத்துல உடம்பு எவ்வளவு ஸ்ட்ரெஸ்ல இருக்குன்னு, எச்சில்ல இருக்கற அமைலேஸ்ங்கற என்சைமையும் கார்ட்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோனையும் அளந்து பார்க்கற ஆராய்ச்சிகள் நடக்குதுன்னு போன இதழ்ல ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. அதனால இந்த மாசம் முழுக்க அதுதான்.

டாக்டரம்மா, என் வீட்டுக்காரருக்கு பித்தப்பையில கல்லு, லேப்ராஸ்கோப்பி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. மயக்கத்துல இருக்கும்போது அவருக்கு வலிக்குமா? வலிச்சாலும் வாய் திறந்து சொல்ல முடியாதே, எச்சில் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமா? – வாசகி, கரூர்

வலிக்காதும்மா, அத முதல்லயே சொல்லிடறேன். வலிங்கறது மூளை முழிச்சிருந்து உணர்ற விஷயம், முழு மயக்கத்துல அந்த உணர்வு இருக்காது. ஆனா அதுக்காக உடம்பு சும்மா கெடக்கும்னு நினைக்காதீங்க. தோல்ல கத்தி பட்ட உடனே அங்க இருக்கற நரம்பு சேதி அனுப்பும், அது தண்டுவடம் வழியா மூளையோட அடிப்பகுதி வரைக்கும் போயிடும், அங்கேர்ந்து உத்தரவு வந்து அட்ரினலின் கிளம்பும், பல்ஸ் ஏறும், பிரஷர் ஏறும், கொஞ்ச நேரத்துல கார்ட்டிசால் ஏறும், சுகர் வியாதியே இல்லாதவங்களுக்குக்கூட ரத்தத்துல சுகர் ஏறும். வீட்டுல இருக்கறவர் உள்ள அசந்து தூங்கிட்டிருக்கார், வாசல்ல நாய் விடாம குரைக்குது, அந்த மாதிரி. இதத்தான் சர்ஜிகல் ஸ்ட்ரெஸ்னு சொல்றோம்.

அதனாலதான் நாங்க தூங்க வைக்கற மருந்து மட்டும் குடுத்துட்டு நிறுத்தறதில்ல, கூடவே ஃபென்டனில் மாதிரி வலிய அடக்கற மருந்தும் குடுக்கறோம், தசைய தளர்த்தற மருந்து தனியா. மூணும் மூணு வேலை. லேப்ராஸ்கோப்பி கேஸ்ல தொண்டைக்குள்ள ட்யூப் போடற நேரம், தொப்புள் பக்கத்துல முதல் துளை போடற நேரம், வயித்துக்குள்ள கார்பன் டை ஆக்சைடு ஏத்தற நேரம், இந்த மூணு இடத்துலயும் நான் மானிட்டர விட்டு கண்ண எடுக்க மாட்டேன். 72ல ஓடிட்டிருந்த பல்ஸ் சட்டுனு 98க்கு தாவுனா இமைய லேசா தூக்கிப் பார்ப்பேன், கண்ணோரத்துல தண்ணி நிக்குதா, நெத்தி வேர்த்திருக்கான்னு புறங்கையால தொட்டுப் பார்ப்பேன், மயக்கம் கொஞ்சம் லேசா இருக்குன்னு தோணுனா மருந்து கூட்டுவேன். பிரஷர், பல்ஸ், வேர்வை, கண்ணீர் இந்த நாலையும் சேர்த்து மார்க் போடற முறை 1980கள்லயே பிரிட்டன்ல வந்துடுச்சு.

சிக்கல் என்னன்னா இந்த நாலும் எப்பவும் உண்மைய சொல்லாது. பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி மாத்திரை போடறவங்களுக்கு பல்ஸ் அவ்வளவா ஏறாது, ரத்தம் போனா வேற காரணத்துக்காக ஏறும். அதனாலதான் வேற வேற வழி தேடறாங்க. கண்மணி விரியறத அளக்கற கருவி இருக்கு, விரல்ல மாட்டற கிளிப்ல வர்ற நாடித்துடிப்பு அலைய வச்சு கணக்கு போடற கருவி இருக்கு, இதயத்துடிப்புக்கு நடுவுல வர்ற ஏற்ற இறக்கத்த வச்சு பிரான்ஸ்ல லில் நகரத்துல உருவாக்கினது ஒண்ணு இருக்கு. எச்சில் டெஸ்ட்டும் அந்த தேடல்ல ஒண்ணுதான், ஆனா ஆபரேஷன் நடக்கும்போதே முடிவெடுக்கற அளவுக்கு அது இன்னும் வரல.

நடுவுல முழிப்பு வந்துடுமோங்கற பயமும் உங்க கடிதத்துல இருந்துச்சு. பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் நாடு முழுக்க எடுத்து 2014ல வெளியிட்ட கணக்குல, முழு மயக்கம் குடுத்த ஏறக்குறைய 19,000 பேர்ல ஒருத்தர் அப்படி நினைவு இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க, அதுலயும் பெரும்பாலும் மயக்கம் ஏறும்போதோ தெளியும்போதோதான். உங்க வீட்டுக்காரர் போடற எல்லா மாத்திரையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, முக்கியமா பிரஷர் மாத்திரை, ஸ்டீராய்டு, ஆஸ்துமா பஃப். ஆடற பல் இருந்தா சொல்லுங்க. முன்னாடி மயக்க ஊசி போட்டப்ப ஏதாவது பிரச்சனை ஆச்சுன்னா அதையும் சொல்லிடுங்க. எச்சில் டெஸ்ட் குடுக்கறத விட இதெல்லாம் எங்களுக்கு எவ்வளவோ உதவும்.

மேடம், அமைலேஸ் சோத்த செரிக்க வைக்கற என்சைம்தானே? அதுக்கும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? – பயோகெமிஸ்ட்ரி மாணவர், திருநெல்வேலி

நல்ல கேள்வி தம்பி. சோத்த நல்லா மென்னுகிட்டே இருந்தா லேசா இனிக்கும்ல, அது அமைலேஸ் மாவுச்சத்த உடைக்கறதாலதான். ஸ்கூல் லேப்ல கஞ்சியில அயோடின் விட்டா கருநீலம் ஆகும், அதுல எச்சில் கலந்து வச்சா கொஞ்ச நேரத்துல அந்த கலர் போயிடும், செஞ்சிருப்பீங்க.

இந்த அமைலேஸ் பெரும்பாலும் காது பக்கத்துல இருக்கற பரோடிட் சுரப்பிலேர்ந்து வருது. சுரப்பிக்கு ரெண்டு வகை நரம்பு வருது. பாராசிம்பதெடிக் நரம்பு தண்ணியா நிறைய எச்சில் ஊற வைக்கும். சிம்பதெடிக் நரம்பு, அதாவது பயந்தா கோபப்பட்டா வேலை செய்யற நரம்பு, புரோட்டீன கொட்ட வைக்கும். அதனால பயத்துல வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது பாருங்க, அந்த நேரத்துல ஊறற கொஞ்ச எச்சில்ல அமைலேஸ் கூடுதலா இருக்கும். அட்ரினலின நேரா எச்சில்ல அளந்தா ரத்தத்துல நடக்கறத அது சரியா காட்டாது, அதனால அமைலேஸ அதுக்கு பதிலா வச்சு பார்க்கறாங்க. கார்ட்டிசால் கதை வேற, அது ஹார்மோன். மூளையில ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கு சொல்லி, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பிக்கு சொல்லி, அங்கேர்ந்து ரத்தத்துக்கு வந்து, அப்புறம் எச்சிலுக்கு கசியணும். ரத்தத்துல இருக்கற கார்ட்டிசால்ல 90 சதவீதத்துக்கு மேல புரோட்டீனோட ஒட்டிகிட்டு இருக்கும், ஒட்டாம இருக்கற மிச்சம்தான் எச்சிலுக்கு வருது, உடம்புல உண்மையில வேலை செய்யறதும் அந்த மிச்சம்தான், அதனால எச்சில் கார்ட்டிசாலுக்கு ஒரு மரியாதை உண்டு.

நேரம்தான் இதுல எல்லாம். அமைலேஸ் சில நிமிஷத்துல ஏறிட்டு சீக்கிரமே இறங்கிடும், கார்ட்டிசால் உச்சத்துக்கு வர 20லேர்ந்து 30 நிமிஷம் ஆகும். ஜெர்மனியில ட்ரையர் பல்கலைக்கழகத்துல 1993ல ஒரு சோதனைமுறை கொண்டு வந்தாங்க, முகத்துல எந்த உணர்ச்சியும் காட்டாத ஆளுங்க முன்னாடி நின்னு பேசணும், அப்புறம் பெரிய நம்பர்லேர்ந்து சத்தமா கழிச்சுகிட்டே வரணும், தப்பு பண்ணா முதல்லேர்ந்து. இத பண்ண வச்சு எச்சில் எடுத்தா கார்ட்டிசால் ஏறறது நல்லா தெரியும். உலகம் முழுக்க இன்னைக்கும் அந்த முறைய பயன்படுத்தறாங்க.

இன்னொன்னு. கார்ட்டிசால் காலையில முழிச்சு அரைமணி முக்கால்மணில உச்சத்துல இருக்கும், ராத்திரி அடிமட்டம். அமைலேஸ் நேர்மாறு, முழிச்ச உடனே இறங்கும், அப்புறம் பகல் பூரா மெல்ல ஏறும். காலை 8 மணி கேஸையும் மதியம் 3 மணி கேஸையும் பக்கத்து பக்கத்துல வச்சு பார்த்தா தப்பாத்தான் போகும். ஆளுக்கு ஆள் அடிப்படை அளவும் வேற. அமைலேஸுக்கான ஏ.எம்.ஒய்.1 ஜீன் ஒருத்தர்கிட்ட ரெண்டு மூணு நகல்தான் இருக்கும், இன்னொருத்தர்கிட்ட பத்துக்கு மேல இருக்கும், மாவுச்சத்து அதிகம் சாப்பிட்டு வந்த மக்கள்கிட்ட சராசரியா நகல் கூடுதல்னு 2007ல வந்த ஆய்வு காட்டுச்சு. அரிசி சாப்பிட்டு வளர்ந்த பரம்பரைக்கு எச்சில்லயே அதோட தடம் இருக்குங்கறது எனக்கு எப்பவும் வியப்பான விஷயம். அதனால இவருக்கு 40, அவருக்கு 90, அப்ப அவர்தான் அதிக ஸ்ட்ரெஸ்ல இருக்கார்னு சொல்லவே கூடாது. அதே ஆளோட முந்தின அளவோட மட்டும்தான் ஒப்பிடணும்.

ரிவர்ஸ் பண்றதுக்கு (தசைய தளர்த்தற மருந்தோட வேலைய முறிக்கறதுக்கு) முன்னாடி வாய்ல சக்‌ஷன் போட்டு நிறைய எச்சில் எடுக்கறோம், அத கீழதான் கொட்டறோம். அதையே லேபுக்கு அனுப்பினா ஆராய்ச்சி ஆயிடாதா மேடம்? – ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், சேலம்

ஆகாது, ஏன்னு சொல்றேன், நீங்க தினமும் கையில எடுக்கற மருந்துங்கதான் காரணம். கிளைகோபைரோலேட் போட்டுட்டோம்னா எச்சிலே ஊறாது, ஊறற கொஞ்சத்துல எல்லாமே கெட்டியா இருக்கும். ரிவர்ஸ்ல நியோஸ்டிக்மின் போட்டா எச்சில் கூடும், அப்ப நீர்த்துப் போயிடும். வாந்தி வராம இருக்க டெக்ஸாமெத்தசோன் குடுக்கறோம், அது கார்ட்டிசால அமுக்கிடும். மயக்கத்த ஆரம்பிக்கற எட்டோமிடேட் மருந்து வச்சு இண்டக்‌ஷன் பண்ணா இன்னும் மோசம், அது அட்ரினல்ல கார்ட்டிசால் தயாராகற என்சைமையே தடுத்துடும், அப்ப எச்சில்ல கார்ட்டிசால் கம்மியா வந்தா பேஷண்ட் நிம்மதியா இருந்தார்னு அர்த்தம் இல்ல, சுரப்பியால தயாரிக்க முடியலன்னுதான் அர்த்தம். அமைதிப்படுத்தற டெக்ஸ்மெடிடோமிடின் மருந்து ஓடிட்டிருந்தா சிம்பதெடிக் நரம்பே அடங்கியிருக்கும். இதுக்கு மேல ட்யூப் போடும்போது ஈறுல லேசா உரசி ஒரு சொட்டு ரத்தம் கலந்தாலே கார்ட்டிசால் அளவு மாறிடும்.

சக்‌ஷன்ல வர்றது எந்த நேரத்து எச்சில்னும் தெரியாது, ஒரு மணி நேரமா கன்னத்துக்குள்ள தேங்கினதும் இப்ப ஊறினதும் ஒண்ணா கலந்து வரும். ஒழுங்கா பண்றவங்க சின்ன பஞ்சுச் சுருள குறிப்பிட்ட இடத்துல குறிப்பிட்ட நிமிஷம் வச்சு எடுத்து, நேரத்த எழுதி, ஐஸ்ல வச்சு, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, மைனஸ் 20 டிகிரில வைப்பாங்க. பஞ்சே சில பொருள உறிஞ்சி வச்சுக்கும், அதனால எந்த பஞ்சுங்கறதுகூட முக்கியம்.

என் கருத்த கேட்டா, முழு மயக்கத்துல இருக்கற பெரியவங்களுக்கு எச்சில்னால பெரிய லாபம் இல்ல. எச்சிலோட பெருமையே ஊசி குத்தாம எடுக்கலாங்கறதுதான், ஊசி குத்தறதே ஸ்ட்ரெஸ் ஏத்திடும்ல. தியேட்டர்ல கையில ஏற்கனவே ரத்தக்குழாய்ல லைன் போட்டிருக்கும்போது ரத்தமே எடுத்துடலாமே. ஆபரேஷனுக்கு முன்னாடி வார்டுல பயந்துகிட்டு உட்கார்ந்திருக்கற நேரம், முடிஞ்சு கண்ணு முழிச்ச பின்னாடி, முதுகுல ஊசி போட்டு முழிச்சுகிட்டே பண்ற கேஸ், குழந்தைங்க, பல் கேஸ், இங்கதான் எச்சில் உதவும். ஜப்பான்ல நிப்ரோ கம்பெனி கையடக்கமா ஒரு அமைலேஸ் மானிட்டரே கொண்டு வந்தாங்க, ஸ்ட்ரிப்ப நாக்குக்கு அடியில அரை நிமிஷம் வச்சு எடுத்து மெஷின்ல சொருகினா நம்பர் வரும்.

என் பையனுக்கு மூணு மாசம், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. பச்சக்குழந்தைக்கு வலி தெரியாது, பயப்படாதேன்னு வீட்ல பெரியவங்க சொல்றாங்க. எனக்கு மனசு ஆறல டாக்டர். – ஒரு அம்மா, தஞ்சாவூர்

உங்க மனசு சொல்றதுதான் சரி. குழந்தைக்கு வலி தெரியும். இதுக்கு கொஞ்சம் நீளமாவே பதில் எழுதறேன், இது நான் ரொம்ப மதிக்கற ஒரு விஷயம்.

பெரியவங்கள குறை சொல்லாதீங்க, ரொம்ப காலம் டாக்டர்களே அப்படித்தான் நம்பினாங்க. நரம்பு இன்னும் முழுசா வளரல, அழுகை வெறும் அனிச்சை, மயக்க மருந்து குடுத்தா குழந்தையோட இதயம் தாங்காதுன்னு சொல்லி, குறைமாச குழந்தைங்களுக்கு தசை தளர்த்தற மருந்தும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடுங்கற லேசான மயக்க வாயுவும் மட்டும் குடுத்து நெஞ்ச திறந்து ஆபரேஷன் பண்ணியிருக்காங்க, அதுவும் பெரிய பெரிய நாடுகள்ல, 1980கள் வரைக்கும். தசை தளர்ந்துட்டா குழந்தையால அசையவும் முடியாது, அழவும் முடியாது. அமெரிக்காவுல ஜில் லாசன்னு ஒரு அம்மா, 1985ல தன்னோட குறைமாச குழந்தைக்கு அப்படித்தான் ஆபரேஷன் நடந்துச்சுன்னு பின்னாடி தெரிஞ்சு, குழந்தையும் இறந்து போய், அந்த துக்கத்தோட பத்திரிகைக்கும் டாக்டர்களுக்கும் எழுதி எழுதி இத வெளிய கொண்டு வந்தாங்க.

அதே காலத்துல கே.ஜே.எஸ். ஆனந்த்னு இந்தியாவுல எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கு போன ஒரு இளம் டாக்டர், ஆபரேஷன் முடிஞ்சு ஐ.சி.யு.வுக்கு வர்ற குழந்தைங்க ஏன் இவ்வளவு மோசமா இருக்காங்கன்னு யோசிச்சார். குழந்தைதான் பேசாதே, அதனால ரத்தத்துல ஸ்ட்ரெஸ் ஹார்மோன அளந்தார். 16 குறைமாச குழந்தைங்க, எல்லாருக்கும் இதயத்துக்கு பக்கத்துல மூடாம இருக்கற ரத்தக்குழாய கட்டற ஒரே ஆபரேஷன். பாதி பேருக்கு வழக்கமான முறை, மீதி பேருக்கு அதோட ஃபென்டனிலும் சேர்த்து. ஃபென்டனில் குடுக்காத குழந்தைங்களுக்கு அட்ரினலின், நார்அட்ரினலின், சுகர் எல்லாம் ரொம்ப கூடுதலா ஏறியிருந்துச்சு, ஆபரேஷனுக்கு அப்புறம் சிக்கல்களும் அவங்களுக்குத்தான் அதிகம். 1987ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல அது வந்துச்சு. அதே வருஷம் அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமி, பச்சக்குழந்தைக்கும் மயக்க மருந்தும் வலி மருந்தும் குடுக்கணும்னு அறிக்கை விட்டாங்க. வாய் பேசாத ஒரு உயிரோட வேதனைய ரத்தத்துல இருக்கற நம்பர் பேசி நிரூபிச்சது. எச்சில் ஆராய்ச்சி மேல எனக்கு இருக்கற அக்கறையும் இதனாலதான், குழந்தைய குத்தாமலே அதே விஷயத்த கேட்க முடியுமான்னு பார்க்கறாங்க. குதிகால்ல ரத்தம் எடுக்கும்போது பிறந்த குழந்தையோட எச்சில்ல கார்ட்டிசால் பார்த்த ஆய்வுகள் நிறைய இருக்கு. ஆனா அமைலேஸ் குழந்தைக்கு சரிப்படாது, பிறந்தப்ப அது ரொம்ப கம்மி, மாசங்கள் போகப் போகத்தான் கூடும்.

இப்ப உங்க பையனுக்கு வருவோம். இந்த ஆபரேஷனுக்கு மயக்கம் குடுத்துட்டு பெரும்பாலும் காடல்னு முதுகுத்தண்டோட அடியில ஒரு ஊசியும் போடுவாங்க, இல்லன்னா அடிவயித்து நரம்ப மரத்துப்போக வைப்பாங்க. அதோட வேலை முழிச்ச பின்னாடியும் சில மணி நேரம் இருக்கும், அதுக்கப்புறம் எடைக்கு ஏத்த பாராசிட்டமால். "வலிக்கு என்ன குடுக்கப் போறீங்க?"ன்னு மயக்க டாக்டர்கிட்ட தைரியமா கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கடைசியா எத்தனை மணிக்கு பால் குடுக்கலாம்னும் கேட்டு எழுதி வச்சுக்குங்க, தாய்ப்பாலுக்கும் பவுடர் பாலுக்கும் நேரம் வேற. குறைமாசத்துல பிறந்த குழந்தைன்னா கண்டிப்பா சொல்லிடுங்க, அப்படிப்பட்ட குழந்தைங்கள ஆபரேஷனுக்கு அப்புறம் ராத்திரி பூரா மூச்சு விடறத கவனிக்க வேண்டியிருக்கும்.

கடைவாய்ப் பல்லு எடுக்கணும், மரத்துப் போற ஊசிதான் போடுவாங்களாம். பல் டாக்டர் ரூமுக்குள்ள நுழைஞ்சாலே நெஞ்சு படபடங்குது. எச்சில் டெஸ்ட்ல இது தெரியுமா? – வாசகர், மதுரை

தெரியும், நாற்காலியில உட்கார்ந்து காத்திருக்கற அந்த நேரத்துல அமைலேஸ் ஏறும். ஆனா ஊசி போட்ட பின்னாடி வர்ற அளவ நம்ப முடியாது, ஏன்னா பல்லுக்கு போடற லிக்னோகெயின்ல பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், 80,000ல ஒரு பங்கு. சில பேருக்கு ஊசி போட்ட உடனே படபடப்பு கூடறதுக்கும் அது ஒரு காரணம், ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கிடும், பயந்துடாதீங்க. பயம் அதிகம்னா முன்கூட்டியே சொல்லுங்க, லேசா அமைதிப்படுத்த மருந்து இருக்கு.

ஆன்லைன்ல ஸ்ட்ரெஸ் பார்க்கற எச்சில் கிட் விக்கறாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி வாங்கி பார்க்கலாமா? – வாசகி, கோயம்புத்தூர்

வேண்டாம். ஒரு தடவை துப்பி வர்ற நம்பர வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, நம்பர் கூடுதலா வந்தா அதப் பார்த்தே தூக்கம் போயிடும். எச்சில் கார்ட்டிசால் டாக்டருங்க நம்பி பயன்படுத்தற இடம் ஒண்ணு இருக்கு, உடம்புல கார்ட்டிசால் அளவுக்கு மீறி இருக்கற குஷிங் நோய்னு சந்தேகம் வந்தா ராத்திரி தூங்கப் போற நேரத்துல எச்சில் எடுத்து அனுப்பச் சொல்வாங்க, அந்த நேரத்துல கம்மியா இருக்க வேண்டியது கூடுதலா இருந்தா மேற்கொண்டு பார்ப்பாங்க. அத அவங்க எழுதிக் குடுத்தா பண்ணுங்க.

எனக்கு வயசு 68. முழங்கால் மூட்டு மாத்தினாங்க. மறுநாள் நர்ஸ் வந்து வலி பத்துக்கு எத்தனைன்னு கேட்டாங்க, எட்டுன்னு சொன்னேன். "பேப்பர் படிச்சிட்டு இருக்கீங்க, எட்டா?"ன்னு கேட்டுட்டு போயிட்டாங்க. இந்த எச்சில் டெஸ்ட் இருந்திருந்தா நான் பொய் சொல்லலன்னு நிரூபிச்சிருக்கலாம் இல்லையா? – வாசகர், புதுச்சேரி

ஐயா, உங்க கடிதத்த படிச்சு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. நீங்க நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்ல. வலி பத்தின ஆராய்ச்சிக்கான சர்வதேச சங்கம் 2020ல வலிக்கான விளக்கத்த திருத்தி எழுதினாங்க, அதோட சேர்த்து குடுத்த குறிப்புகள்ல, ஒருத்தர் தனக்கு வலிக்குதுன்னு சொன்னா அத மதிக்கணும்னு தெளிவா எழுதியிருக்காங்க.

இந்த எச்சில் டெஸ்ட் நாளைக்கு வார்டுக்கே வந்தாலும் அத வச்சு வலிக்குதுன்னு சொல்றவங்கள சந்தேகப்பட ஆரம்பிச்சுடுவாங்களோங்கறதுதான் என்னோட கவலை. கார்ட்டிசால் ஏறினா வலிதான்னு இல்ல, பசி, பயம், தூக்கமின்மை, காய்ச்சல், கிருமித்தொற்று எதுலயும் ஏறும். ஏறலன்னா வலி இல்லன்னும் இல்ல, மாசக்கணக்கா மூட்டு வலியோட இருந்தவங்களுக்கு அந்த ஏற்ற இறக்கமே மந்தமா இருக்கலாம். பேச முடியாதவங்களுக்கு, மயக்கத்துல இருக்கறவங்களுக்கு, கைக்குழந்தைக்கு, நினைவு தப்பினவங்களுக்கு நம்பர் தேடறோம், சரி. வாய் திறந்து எட்டுன்னு சொல்ற மனுஷனுக்கு எட்டுதான். பேப்பர் படிச்சா வலி இல்லன்னு அர்த்தமா? கவனத்த வேற பக்கம் திருப்பிக்கறதுக்காகத்தான் பல பேர் பேப்பரே எடுக்கறாங்க.

அடுத்த மூட்டும் பண்ணப் போறேன்னு எழுதியிருக்கீங்க. அப்ப இப்படி செய்யுங்க. வலிய சொல்லும்போது சும்மா படுத்திருக்கும்போது எத்தனை, கால மடக்கும்போது எத்தனைன்னு ரெண்டா பிரிச்சு சொல்லுங்க, படுத்திருக்கும்போது மூணு, மடக்கும்போது எட்டுன்னா மருந்த அதுக்கேத்த மாதிரி மாத்தலாம். தொடையில நரம்புக்கு ஊசி போட்டிருந்தாங்கன்னா அதோட மரப்பு விடற நேரத்துல வலி சட்டுனு ஏறும், பெரும்பாலும் மறுநாள் வாக்குல, அது விடறதுக்கு முன்னாடியே மாத்திரைய ஆரம்பிக்கச் சொல்லுங்க. பாராசிட்டமால வலிக்கும்போது மட்டும் கேட்டு வாங்காம நேரப்படி குடுக்கச் சொல்லுங்க. பிசியோதெரபிஸ்ட் வர்றதுக்கு அரைமணி முக்கால்மணி முன்னாடி வலி மாத்திரை உள்ள போயிருக்கணும். அப்படியும் யாரும் காதுல வாங்கலன்னா, மயக்க டாக்டர பார்க்கணும்னு கேளுங்க. ஆபரேஷன் முடிஞ்ச பின்னாடி வர்ற வலியும் எங்க பொறுப்புதான்.